கர்ப்பகால இடுப்பு வலியும் நமது தறிக்குழியும்

கர்ப்பிணிகளுக்கு இடுப்பு வலிப்பது புதிய செய்தியன்று. புதிய செய்தியன்று என்பதனாலேயே அதனை ஒருவரும் பொருட்படுத்துவதில்லை. ஐந்தாம், ஆறாம் மாதத்தில் நடக்கவும், படியேறவும், படுக்கையிற் புரளவும் இயலாமல் ஒரு பெண் தவிக்கும்போது, "நாங்களெல்லாம் பிள்ளை பெறவில்லையா?" என்ற சொல்லே பெரும்பாலும் அவளுக்குக் கிடைக்கும் மருந்து. ஆயின் இவ்வலிக்குத் தெளிவான காரணம் உண்டு. அதனைத் தணிக்க வழிகளும் உண்டு. அவ்வழிகளிற் பல மருந்துக் கடையில் இல்லை. தறி வேலையையும் வயல் வேலையையும் வீட்டு வேலையையும் நாம் அமைத்துக்கொள்ளும் முறையில் இருக்கின்றன. ஆதலின் இது சங்க அங்கத்தினர் அனைவரும், ஆடவர் உட்பட, அறிந்திருக்க வேண்டிய விஷயமாகும்.

இடுப்பு என்பது ஒரே எலும்பு அன்று. எலும்புகள் கூடியமைந்த ஒரு வளையம். முன்புறம், அடிவயிற்றின் கீழே, வளையத்தின் இரு பாதிகளும் ஒரு மூட்டில் இணைகின்றன. பின்புறம் முதுகெலும்பின் அடிப்பகுதியோடு, வலமும் இடமுமாக, இரண்டு மூட்டுகள் உள்ளன. சாதாரண காலத்தில் இம்மூன்றும் மிகச் சிறிதளவே அசையும். கர்ப்ப காலத்தில் ரிலாக்சின் முதலிய சுரப்புகளால் மூட்டுகளைப் பிணைத்துள்ள தசைநார்கள் நெகிழ்கின்றன. வயிற்றின் பாரமும் நாளுக்கு நாள் கூடுகிறது. நிற்கும் நிலையும் மாறுகிறது. மூட்டுகள் ஒரு சீராக அசையாமல், ஒன்று கூடவும் ஒன்று குறையவும் அசையும்போது வலி உண்டாகிறது. ஆப்பு நெகிழ்ந்த தறி ஒருபுறம் இழுபடுவதை நெசவாளர் அறிவர். ஏறக்குறைய அதுபோன்றதே இதுவும். முன்மூட்டிலோ, இடுப்பின் பின்புறத்திலோ, தொடையிடுக்கிலோ வலி தோன்றலாம். சிலருக்கு நடக்கையில் 'கடக்' என்னும் ஓசையும் உண்டாகும்.

கர்ப்பிணிகளில் ஏறத்தாழ ஐவரில் ஒருவருக்கு இவ்வலி வருவதாக மருத்துவர் கூறுவர். இதனாற் குழந்தைக்குத் தீங்கில்லை. பெரும்பாலோர்க்குச் சுகப்பிரசவத்துக்கும் தடையில்லை. பிரசவத்துக்குப்பின் சில வாரங்களிலோ மாதங்களிலோ வலி தணிந்துவிடும். ஆயினும் வலி இருப்பதை மருத்துவரிடமும் செவிலியரிடமும் முன்கூட்டியே சொல்லிவைத்தல் அவசியம். பிரசவ வேளையில் கால்களை வலியெல்லைக்கு மேல் அகட்டாமல் பார்த்துக்கொள்ள அது உதவும்.

எந்தச் செயல்கள் வலியைக் கூட்டுகின்றன? ஒற்றைக்காலில் நிற்பது, கால்களை அகட்டுவது, ஒரு காலை ஒருபுறமும் மற்றொன்றை மறுபுறமும் உந்துவது, ஒருபக்கமாகச் சுமப்பது ஆகியவையே. இனி நம் வேலையைப் பாருங்கள். கும்பகோணத்தை அடுத்த திருபுவனத்திலும் சுற்றியுள்ள ஊர்களிலும் பட்டு நெய்யும் குழித்தறியில் அமர்வோர், தரையில் உட்கார்ந்து குழிக்குள் கால்களை இறக்குகின்றனர். நாள் முழுதும் கால்மாற்றி மிதிக்கின்றனர். பின்னர் ஒரு காலை மேலே ஊன்றிக் குழியிலிருந்து எழுகின்றனர். வயலிலோ, குனிந்த நிலையில் சேற்றிலிருந்து ஒவ்வொரு காலாகப் பிடுங்கிப் பின்னோக்கி நடந்தவாறே நடவு நடக்கிறது. நெகிழ்ந்த மூட்டுக்கு ஆகாத அசைவுகளை ஒருவர் தேடித் தொகுத்தாலும் இதைவிடப் பொருத்தமாகத் தொகுத்திருக்க முடியாது! வீட்டிலும் அரிவாள்மணை, குந்தியிருக்கும் கழிப்பிடம், இடுப்பில் மூத்த குழந்தை, குடம். நம்மூர்ப் பித்தளைக் குடத்தின் பெருமை தனி; எட்டாம் மாதத்து இடுப்புக்கு அப்பெருமை வேண்டாம்.

செய்ய வேண்டியது முழு ஓய்வு என்று கருதிவிடக் கூடாது. நாள் முழுதும் படுத்திருப்பது தசைகளைத் தளர்த்தும். வேறு கேடுகளுக்கும் இடமளிக்கும். வலி தரும் அசைவை மட்டும் விலக்கி, மற்றபடி அளவோடு நடமாடுவதே முறை. எழும்போதும் புரளும்போதும் இரு முழங்கால்களையும் சேர்த்து வைத்துக்கொள்ள வேண்டும். ஒருக்களித்துப் படுத்து முழங்கால்களுக்கிடையே தலையணை வைத்தால் உறக்கம் வரும். படியில் ஒவ்வொரு படியாக, வலி குறைந்த காலை முதலில் வைத்து ஏறலாம். பாவாடையை நின்றபடி அணியாமல் உட்கார்ந்து அணியலாம். தறி மிதிப்பதை நிறுத்திவிட்டு, இராட்டையை மேசைமேல் வைத்து நாற்காலியில் அமர்ந்து தார் சுற்றலாம். அதிலும் அரைமணிக்கொருமுறை எழ வேண்டும். நடவுக் குழுவில் உள்ளவருக்கு நாற்றுக் கட்டுச் சுமப்பதும் சேற்றில் இறங்குவதும் கூடாது. விதை பொறுக்குதல் போன்ற, உயர்ந்த இருக்கையில் அமர்ந்து செய்யும் வேலையை விவசாய அங்கத்தினர் ஒதுக்கித் தரலாம்.

வலி மிகுந்தால் இயன்முறை மருத்துவரைக் காண வேண்டும். தஞ்சை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற பெரிய அரசு மருத்துவமனைகளில் அதற்கெனப் பிரிவு உண்டு. அடிவயிற்றையும் இடுப்பையும் வலுப்படுத்தும் எளிய பயிற்சிகளைக் கற்பிப்பர்; இடுப்புக் கச்சையும், தேவையானால் ஊன்றுகோலும் தருவர். ஊன்றுகோல் பிடிப்பதில் வெட்கம் வேண்டாம். கடையில் கேட்டு வலி மாத்திரை வாங்கி விழுங்குவது மட்டும் ஆகாது. டைக்லோபினாக், ஐபுபுரூபன் போன்றவை, குறிப்பாக ஐந்தாம் மாதத்துக்குப்பின், சிசுவின் சிறுநீரகத்தையும் இதயத்தையும் பாதிக்கக் கூடும். பாராசிட்டமாலையும் மருத்துவர் சொன்ன அளவில்தான் கொள்ள வேண்டும்.

எல்லா வலியும் மூட்டு வலியன்று. இரத்தப்போக்கு, நீர் கசிதல், விட்டுவிட்டுச் சீராக வரும் வலி, காய்ச்சல், சிறுநீர் எரிச்சல், குழந்தையின் அசைவு குறைதல், கண் மங்கலோடு கூடிய கடுந் தலைவலி, ஒரு காலில் மட்டும் வீக்கம் ஆகிய இவற்றில் ஒன்று கண்டாலும், இரவென்றும் பாராது 108க்கு அழைத்து மருத்துவமனை சேர வேண்டும். மற்றபடி, 2016ஆம் ஆண்டு தொடங்கிய மத்திய அரசுத் திட்டத்தின்படி, ஒவ்வொரு மாதமும் 9ஆம் நாள் அரசு மருத்துவ நிலையங்களில் கர்ப்பிணிகளுக்கு இலவசப் பரிசோதனை நடைபெறுகிறது. அன்று இவ்வலியைப் பற்றியும் வாய்விட்டுச் சொல்லலாம்.

இனி, சங்கத்தின் பங்கு. கூலிக் கணக்குகளைப் பார்வையிடும்போது எனக்குத் தோன்றுவதுண்டு: பல வீடுகளில் தறி கணவர் பெயரில் இருக்கும், உழைப்பு இருவருடையது. மனைவிக்கு நடக்க முடியாத மாதங்கள் கணக்கில் 'சேலை தாமதம்' என்ற ஒரே சொல்லாகப் பதிவாகின்றன. அந்தத் தாமதத்துக்குக் காரணம் கேட்கும் வழக்கம் நம்மிடம் இல்லை. கேட்டால் தவணை நீட்டிக்கலாம். எளிய சேலைக்குப் பாவு கொடுக்கலாம். நூல் கொடுக்கவும் நெய்த சேலையைப் பெறவும் சங்க ஊழியர் வீட்டுக்கே செல்லலாம். இவற்றிற் பெரும்பாலானவற்றுக்கு நிர்வாகக் குழுவின் ஒரு தீர்மானம் போதும்.

இழக்கும் கூலிக்கு ஓரளவு ஈடாக, டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில், தகுதியுடைய ஏழைக் கர்ப்பிணிகளுக்கு முதல் இரு பிரசவங்களுக்கு, ஊட்டச்சத்துப் பெட்டகங்கள் உட்பட, ரூ. 18,000 தவணைகளாக வழங்கப்படுகிறது. 12 வாரத்துக்குள் கிராம சுகாதாரச் செவிலியரிடம் பதிந்து பிக்மி எண் பெற்றிருக்க வேண்டும். வங்கிக் கணக்கும் கர்ப்பிணியின் பெயரிலேயே இருத்தல் வேண்டும். அதைத் திறக்கச் சங்கச் செயலாளர் உதவலாம்.