இராசராசன் காசு உரைக்கும் வரலாறு

செமிலிங் ஊரார்க்குக் கடாரம் என்பது ஏட்டில் மட்டும் காணும் பெயரன்று. ஜெராய் மலையடிவாரத்துப் பூஜாங் பள்ளத்தாக்கின் பழஞ்சின்னங்கள் நம் வாயிலருகிலேயே உள்ளன. ஆயினும், சோழரைப் பற்றி நம் மாணவரிடம் வினவினால், 1025-ஆம் ஆண்டில் இராசேந்திரன் கடாரத்தை வென்ற செய்தியோடு விடை நின்றுவிடுகிறது. வெற்றி ஒன்றே வரலாறு ஆகுமா? இவ்வினாவிற்கு அவன் தந்தை இராசராசன் வெளியிட்ட செப்புக்காசு விடை பகர்கிறது.

ஏறத்தாழ 4 கிராம் நிறையுள்ள சிறு காசு அது. ஒரு பக்கத்தில் நின்ற கோலத்தில் ஓர் உருவம். மறுபக்கத்தில் அமர்ந்த கோலத்தில் ஓர் உருவம். அமர்ந்த உருவத்தின் அருகே 'ஸ்ரீ ராஜராஜ' என்னும் பெயர். தஞ்சைப் பெரிய கோயிற் சுவரில் தன் ஆணைகளைத் தமிழில் பொறித்த அம்மன்னன், காசில் தன் பெயரை நாகரி எழுத்தில் பொறித்தான்.

இவ்வடிவம் எங்கிருந்து வந்தது? இராசராசன் 10-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஈழத்தின் வடபகுதியை வென்றான். அதற்கு முன்னரே ஈழத்தில் 'ஸ்ரீ லங்காவிபு' என்னும் எழுத்துடைய பொற்காசுகள் வழங்கின. அவற்றிலும் நின்ற உருவமும் அமர்ந்த உருவமும் உண்டு. வென்றவர் தம் காசையே தோற்றவர்மேல் சுமத்துவர் என நாம் எண்ணுகிறோம். இங்கோ, தோற்ற நாட்டின் காசு வடிவை வென்றவன் ஏற்றுக்கொண்டான். மக்கள் கண்டு பழகிய காசையே சந்தை தயங்காது ஏற்கும் என்பதை நினைந்தால் இதில் வியப்பில்லை.

சோழராட்சி 1070-ஆம் ஆண்டளவில் ஈழத்தினின்று அகன்றது. காசின் வடிவமோ அகலவில்லை. முதலாம் பராக்கிரமபாகு (1153–1186) உருவங்களை அவ்வாறே வைத்துத் தன் பெயரைப் பொறித்தான். அவனுக்குப் பின் அரசாண்ட லீலாவதி என்னும் அரசியின் காசிலும் அதே உருவங்களே உள்ளன. பெயர் மட்டும் 'ஸ்ரீ ராஜ லீலாவதி' என மாறிற்று. 13-ஆம் நூற்றாண்டில் முதலாம் புவனேகபாகுவின் காலம் வரை இவ்வழக்கு நீடித்தது.

இக்காசை வெளியிட்ட இராசராசனே, கடாரத்து அரசன் நாகப்பட்டினத்தில் எடுப்பித்த சூடாமணி விகாரத்திற்கு ஆனைமங்கலம் என்னும் ஊரை அளித்தான். இதனை லெய்டன் செப்பேடுகள் கூறுகின்றன. ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்குப் பின்னரே அவன் மகனின் கடற்படை கடாரத்தின்மேற் சென்றது. ஆகவே, கொடையும் வணிகமும் போரும் ஒரே கடல்வழியில் நிகழ்ந்தன என உணர்கிறோம்.

வகுப்பில் ஒரு பழங்காசின் படத்தை மாணவர்முன் வைத்து, மன்னன் யார் என்பதோடு, உலோகம் எது, எழுத்து எது, உருவம் எந்நாட்டு மரபினது என்றும் ஆசிரியர்கள் வினவுதல் வேண்டும். அவ்வாறு வினவப் பயின்ற மாணவர், பூஜாங் பள்ளத்தாக்கின் கற்களையும் வெற்றிச் சின்னங்களாக மட்டும் காணாது, பல நாட்டார் கூடிப் பழகிய துறைமுகத்தின் சான்றுகளாகவும் காண்பர்.