லேப்டாப்பைத் தூங்க வைக்கும் குறிப்பில் ஓர் எழுத்துப்பிழை

கோவையில் ஒரு மெஸ்ஸின் சமையலறையை இரவில் அடைப்பதற்கு ஒரு முறை உண்டு. முதலில் ஆர்டர் எடுப்பது நிற்கும். கல்லில் கிடக்கும் தோசை வெளியே போகும். பிறகு கிரைண்டர், மிக்ஸி, பாய்லர் என்று ஒவ்வொன்றாக அணைத்து, கடைசியில்தான் மெயின் சுவிட்ச். புதுப் பையன் நேராக மெயினில் கை வைத்தால் மாஸ்டர் அங்கிருந்தே குரல் கொடுப்பார்: "மெயினை ஆப் பண்ணீராத கண்ணு, கிரைண்டர் ஓடீட்டிருக்குது!"

லினக்ஸ் ஓடும் லேப்டாப்பின் மூடியைச் சாத்தும்போது உள்ளே நடப்பதும் இதுதான். நாம் திறந்து வைத்த நிரல்களை, லினக்ஸின் மையமான கெர்னல் முதலில் உறைய வைக்கிறது. அதற்கு வழக்கமான கெடு 20 விநாடி. அதற்குள் ஏதாவது ஒன்று அடங்காவிட்டால், தூங்கும் முயற்சியையே கைவிட்டு எல்லாவற்றையும் பழையபடி ஓட விடும். அடுத்து சாதனங்கள். பென் டிரைவ் முதலில், அது தொங்கும் யுஎஸ்பி கன்ட்ரோலர் பிறகு. கிரைண்டருக்குப் பிறகே மெயின். எழும்போது இந்த வரிசை அப்படியே தலைகீழ்.

தூக்கத்திலும் தரம் உண்டு. அடுப்பைச் சிம்மில் வைத்துக் காத்திருப்பது போன்ற லேசான தூக்கம் ஒன்று. இன்னொன்றில் எல்லாம் அணைந்திருக்கும், ஆனால் தனி லைனில் ஃபிரிட்ஜ் மட்டும் ஓடும். அந்த ஃபிரிட்ஜ்தான் ராம் நினைவகம். அதற்குக் கரண்ட் நின்றால் உள்ளே இருக்கும் மாவு போச்சு. மூன்றாவது ஹைபர்னேட். மாவு, காய், பாதி அரைத்த மசாலா எல்லாவற்றையும் ஸ்டோர் ரூமில் அடுக்கிவிட்டு ஃபிரிட்ஜையும் அணைத்துவிடுவது. ஸ்டோர் ரூம் என்பது டிஸ்க்கில் உள்ள ஸ்வாப் பகுதி. 2012 வாக்கில் கொங்கு நாட்டை வாட்டிய மின்வெட்டில் லேப்டாப் வைத்திருந்தவர்களுக்கு இந்த வித்தியாசம் உயிர்நாடி. பேட்டரி முழுக்கத் தீர்ந்தாலும் ஹைபர்னேட் செய்தது அப்படியே இருக்கும்.

ஆனால் அதில் ஓர் ஆபத்து உண்டு. இரவில் வேறொருவர் ஸ்டோர் ரூமுக்குள் போய் டப்பாக்களை இடம் மாற்றிவிட்டால், காலையில் மாஸ்டர் பழைய ஞாபகத்தில் கை நீட்டி, சர்க்கரை என்று உப்பை அள்ளிப் போடுவார். ஹைபர்னேட்டில் கிடக்கும் கணினியின் டிஸ்க்கை வேறொரு இயங்குதளத்தில் திறந்து எழுதினால் தரவு இப்படித்தான் பாழாகும். கெர்னலின் மின்மேலாண்மை ஆவணத்தில் இந்த எச்சரிக்கை பெரிய எழுத்தில் நிற்கிறது.

சமையலறைச் சுவரில் ஒட்டிய தாளுக்குச் சமம் அந்த ஆவணம். அதில் ‘ரிசீவ்’ என்ற ஆங்கிலச் சொல்லில் இரண்டு எழுத்து இடம் மாறினால் யாருக்கும் சேதமில்லை, படிப்பவர் புரிந்துகொள்வார். ‘செய்யாதே’ என்று சொல்ல வந்த வரியில் ‘நாட்’ என்பதன் கடைசி எழுத்து பிசகி ‘நவ்’ ஆகிவிட்டால் எச்சரிக்கையே கவிழ்ந்துவிடும். இரண்டும் சரியான சொற்கள் என்பதால் பிழைதிருத்தும் கருவிக்கு இது தெரியாது. பொருள் தெரிந்து படிக்கிற மனிதக் கண்தான் பிடிக்கும். என்னைக் கேட்டால், திருத்தும் வேலையின் முழு மதிப்பும் இங்கேதான் இருக்கிறது.

கருவியும் இருக்கட்டும். கெர்னலுடனே ‘ஸ்பெல்லிங்’ என்ற பெயரில் ஒரு பட்டியல் வருகிறது. டெபியன் என்ற லினக்ஸ் தொகுப்பின் லின்டியன் கருவியிலிருந்து பிறந்தது அது. ஒவ்வொரு வரியிலும் இடப்பக்கம் தவறு, நடுவே இரண்டு நேர்கோடு, வலப்பக்கம் சரியான சொல். 2020-இல் ராண்டி டன்லப் என்பவர் கெர்னல் ஆவணங்களில் இரட்டித்து விழுந்த சொற்களைத் தேடித் தேடி நீக்கினார். பெரிய பெயர் வாங்கித் தரும் வேலை இல்லை, ஆனாலும் பொறுமையாகச் செய்தார்.

பிழை போலத் தெரிவதையெல்லாம் திருத்தவும் கூடாது. ‘ஸ்வ்சஸ்ப்’ என்பதைக் கருவி தப்பென்று காட்டும். அது மென்பொருள் வழித் தூக்கத்துக்குக் கெர்னலில் வழங்கும் பெயர். தூங்கச் சொல்லக் கெர்னலுக்குக் கொடுக்கும் ‘மெம்’ என்ற மூன்றெழுத்தும் அப்படித்தான். அதை அகராதிப்படி நீட்டி எழுதினால் கெர்னல் ஏற்காமல் திருப்பிவிடும்.

சுவரில் உள்ள தாளை நாமே கிறுக்கித் திருத்த முடியாது, மாஸ்டர் பார்த்துச் சம்மதிக்க வேண்டும். இங்கே மின்மேலாண்மைப் பகுதியின் பொறுப்பாளர் ரஃபேல் விசோட்ஸ்கி, பொதுவாக ஆவணங்களுக்கு ஜோனதன் கார்பெட். திருத்தத்தைச் சுமந்து போகும் பேட்ச்சில் கழித்தல் குறியோடு பழைய வரி, கூட்டல் குறியோடு புதிய வரி, மேலும் கீழும் அடையாளத்துக்கு மூன்று மூன்று வரி. இவற்றுக்கெல்லாம் மேலே, ஏன் மாற்றினேன் என்ற விளக்கத்தோடு அனுப்புபவரின் ஒப்பம்.

கோவையில் பொறியியல் படிக்கும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன்: முதல் பங்களிப்புக்கு இதைவிட நல்ல வாசல் இல்லை. கெர்னலைப் பதிவிறக்கி, அதன் ஆவண அடைவில் ‘பவர்’ என்ற பகுதியை ஒருமுறை பொருள் புரியும்படி படித்துப் பாருங்கள். பிழை கண்ணில் பட்டால், அதை மட்டும் திருத்தி, உங்கள் பெயரில் அனுப்புங்கள்.