மீண்டும் வந்த சுருள் பிலிம்

உங்கள் வீட்டுப் பரணில் தோல் உறை போட்ட ஒரு கறுப்புக் காமிரா கிடக்கிறதா என்று தாத்தாவையோ பாட்டியையோ கேட்டுப் பாருங்கள். பரோடாவில் நியூ இந்தியா இண்டஸ்ட்ரீஸ் நிறுவனம் தயாரித்த ‘அக்ஃபா கிளிக் III’ ஒரு காலத்தில் நம் நாட்டில் வீடு வீடாகப் புகுந்த காமிரா. அது கிடைத்தால் முதுகுப் பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். வட்டமான ஒரு சிறு சிவப்பு ஜன்னல் தெரியும். அந்த ஜன்னல் எதற்கு? அது ஏன் பச்சையாகவோ நீலமாகவோ இல்லை? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால் ஒளியின் இயல்பு வரைக்கும் போய்விடலாம்.

இந்தக் காமிராவில் போடும் பிலிமுக்கு 120 என்று பெயர். 1901ஆம் ஆண்டில் கோடாக் நிறுவனம் தன் ‘பிரௌனி’ பெட்டிக் காமிரா ஒன்றுக்காக இதைக் கொண்டுவந்தது. ஏறத்தாழ 6 செண்டிமீட்டர் அகலமுள்ள பிலிம், கறுப்புத் தாளோடு சேர்த்து ஒரு கட்டையில் சுருட்டப்பட்டிருக்கும். தாளின் முதுகில் 1, 2, 3 என்று எண்கள் அச்சாகியிருக்கும். ஒவ்வொரு படம் எடுத்த பிறகும் குமிழைத் திருகி, சிவப்பு ஜன்னலில் அடுத்த எண் வரும்வரை நகர்த்த வேண்டும். 56 மில்லிமீட்டர் பக்கமுள்ள சதுரப் படங்கள் 12 கிடைக்கும்.

இவ்வளவு பெரிய படம் எதற்கு என்று கேட்பீர்கள். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். திருவண்ணாமலையில் கிரிவலப் பாதையில் மலையின் மேற்குப் புறம் இருக்கும் ஊர் அடி அண்ணாமலை. மலையுச்சி கடல் மட்டத்திலிருந்து சுமார் 814 மீட்டர். அடிவாரத் தரையிலிருந்து ஏறத்தாழ 600 மீட்டர் எனக் கொள்வோம். நமக்கும் உச்சிக்கும் இடையே 2,500 மீட்டர் தொலைவு என்றும் வைத்துக்கொள்வோம். தொலைவிலுள்ள பொருளுக்குச் சூத்திரம் எளியது: பிம்பத்தின் உயரம் = லென்சின் குவியத்தூரம் × பொருளின் உயரம் ÷ தொலைவு.

120 பிலிம் காமிராவில் குவியத்தூரம் 75 மில்லிமீட்டர் என்றால், பிலிம்மேல் விழும் மலையின் உயரம் 18 மில்லிமீட்டர். 35 மில்லிமீட்டர் பிலிம் காமிராவில் 50 மில்லிமீட்டர் லென்சு போட்டால் அது 12 மில்லிமீட்டர். கைப்பேசியின் லென்சுக்குக் குவியத்தூரம் 5 மில்லிமீட்டர் என்றால் 1.2 மில்லிமீட்டர்தான். அண்ணாமலையே ஒரு கடுகளவுக்குள் அடங்கிவிடுகிறது!

பிலிமை 25 செண்டிமீட்டர் சதுரமாகப் பெரிதாக்க வேண்டுமானால், 120 பிலிமை நான்கரை மடங்கு பெருக்கினால் போதும். 35 மில்லிமீட்டர் பிலிமின் குறுகிய பக்கம் 24 மில்லிமீட்டர். அதைப் பத்து மடங்குக்கு மேல் பெருக்க வேண்டும். பெருக்கும்போது பிலிமின் வெள்ளித் துகள்களும் சேர்ந்து பெருகி, மணல் தூவியது போலத் தெரியும். பெரிய பிலிமில் அந்தத் தொல்லை குறைவு. நியாயமாக ஒன்று சொல்லிவிட வேண்டும்: கைப்பேசியின் உணர்கருவி மிக நுண்ணிய புள்ளிகளால் ஆனது; அன்றாடப் படங்களுக்கு அதுவே தாராளம்.

இனிச் சிவப்பு ஜன்னலுக்கு வருவோம். பிலிமின்மேல் ஜெலட்டினில் கலந்து பூசியிருப்பவை வெள்ளி புரோமைடு படிகங்கள். ஒரு படிகத்தின் குறுக்களவு ஆயிரத்தில் ஒரு மில்லிமீட்டர் அளவில் இருக்கும். அதன்மேல் ஒளி விழும்போது என்ன நடக்கிறது என்பதற்கு 1938இல் கர்னி, மாட் என்னும் இயற்பியலார் இருவர் விளக்கம் தந்தனர். ஃபோட்டான் ஒன்று படிகத்திலிருந்து ஓர் எலக்ட்ரானை விடுவிக்கிறது. அந்த எலக்ட்ரான் படிகத்தில் குறையுள்ள ஓரிடத்தில் போய் மாட்டிக்கொள்கிறது. அதைத் தேடி ஒரு வெள்ளி அயனி நகர்ந்து வந்து சேர, ஒரு வெள்ளி அணு பிறக்கிறது. இப்படி மூன்று நான்கு அணுக்கள் ஓரிடத்தில் கூடிவிட்டால் போதும். டெவலப்பர் என்று ஸ்டுடியோக்காரர்கள் சொல்லும் உருத்துலக்கும் கரைசலில் பிலிமைப் போடும்போது, அந்தப் படிகம் முழுவதும் கறுப்பு வெள்ளியாக மாறிவிடும். நான்கு அணுக்கள் செய்த வேலை நூறு கோடி மடங்கு பெருகுகிறது.

எலக்ட்ரானை விடுவிக்க வெள்ளி புரோமைடுக்குச் சுமார் 2.6 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் தேவை. அலைநீளத்தில் சொன்னால் ஏறத்தாழ 480 நானோமீட்டர், அதாவது நீல ஒளி. சிவப்பு ஃபோட்டானுக்கு அவ்வளவு ஆற்றல் கிடையாது. சிவப்பு விளக்கை எவ்வளவு பிரகாசமாக எரித்தாலும், தனித்தனி ஃபோட்டானுக்கு ஆற்றல் போதாத காரணத்தால் படிகம் அசைந்து கொடுக்காது. ஒளிமின் விளைவில் நீங்கள் படித்தது இங்கேயும் பொருந்துகிறது பாருங்கள். அந்தக் காலப் பிலிம்களுக்குச் சிவப்பு தெரியாது. ஆகவேதான் ஜன்னல் சிவப்பு. ஸ்டுடியோ இருட்டறையில் புரோமைடு தாளுக்குச் சிவப்பு விளக்கு எரிந்ததும் இதே காரணத்தால்தான்.

1873இல் ஜெர்மனியின் ஃபோகல் என்பவர் சில சாயங்களைக் கலந்தால் படிகம் மற்ற நிறங்களையும் உணரும் என்று கண்டுபிடித்தார். இன்றைய கறுப்பு வெள்ளைப் பிலிம்கள் பெரும்பாலும் சிவப்பையும் காண்பவை. அவற்றுக்குச் சிவப்பு ஜன்னல் காவல் அல்ல. கறுப்புத் தாள்தான் காவல். 1965இல் வந்த 220 என்ற வகையில் இரு முனைகளில் மட்டுமே தாள் உண்டு, நடுவில் கிடையாது. படம் இரண்டு மடங்கு எடுக்கலாம், ஆனால் கிளிக் III போன்ற காமிராவில் போட்டால் ஜன்னல் வழியே ஒளி புகுந்து எல்லாம் பாழ்.

கார்த்திகை தீபத்தன்று அடி அண்ணாமலையிலிருந்து உச்சியில் எரியும் மகாதீபத்தைப் படமெடுப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். இருட்டில் ஷட்டரை நெடுநேரம் திறந்து வைக்க வேண்டும். அதற்கு ‘பி’ என்னும் அமைப்புள்ள காமிராவும் முக்காலியும் வேண்டும். ஒளி பாதியானால் நேரத்தை இரட்டிப்பாக்கினால் சரியாகிவிடும் என்றுதான் தோன்றும். ஆனால் அப்படி ஆவதில்லை! முதலில் பிறக்கும் ஒற்றை வெள்ளி அணு நிலையற்றது. அடுத்த ஃபோட்டான் சில விநாடிகளுக்குள் வராவிட்டால் அது மறுபடியும் அயனியாகிவிடும். மங்கலான ஒளியில் ஃபோட்டான்கள் தாமதமாக வருவதால் சேர்த்ததெல்லாம் கரைகிறது. கோடாக்கின் ட்ரை-எக்ஸ் பிலிமுக்கான பழைய அட்டவணையில், கணக்குப்படி 10 விநாடி என்றால் 50 விநாடி வைக்கவும், 100 விநாடி என்றால் 1,200 விநாடி வைக்கவும் சொல்லியிருக்கிறது. விண்மீன்களைப் படமெடுக்கும்போது இந்தக் குறையை ஆராய்ந்தவர் கார்ல் ஷ்வார்ஷில்டு. கருந்துளையின் ஆரத்துக்குப் பெயர் தந்த அதே மனிதர்தான்!

இந்தக் குறை மிகக் குறைவாக இருந்த பிலிம் ஜப்பானின் ஃபியூஜி நிறுவனத்தின் ‘அக்ரோஸ்’. 120 விநாடி வரை கணக்கைத் திருத்தவே வேண்டாம். இரவுப் படம் எடுப்பவர்கள் அதை உயிராக மதித்தார்கள். 2018இல் அதை நிறுத்தப்போவதாக நிறுவனம் அறிவித்தது. வாங்குவோர் குறைந்தது ஒரு காரணம்; மூலப்பொருள்கள் கிடைக்காமல் போனது இன்னொரு காரணம். பிறகு மாற்று மூலப்பொருள்களைத் தேடி ஆராய்ந்து, 2019 நவம்பரில் ‘அக்ரோஸ் II’ என்று 120 அளவிலும் மீண்டும் கொண்டுவந்தார்கள். 2022இல் கோடாக் தன் ‘கோல்டு 200’ வண்ணப் பிலிமையும் 120 அளவில் வெளியிட்டது.

நின்றுபோனதைத் திரும்பக் கொண்டுவருவது சுவிட்சைப் போடுவது போன்ற வேலையல்ல. ஒரு மீட்டருக்கு மேல் அகலமுள்ள பிளாஸ்டிக் தகட்டின்மேல், கும்மிருட்டில், தூசில்லாத அறையில், பல அடுக்குகளை ஒரே சீராகப் பூச வேண்டும். கொஞ்சமாகப் பூசுவதென்பது கட்டுப்படியாகாது. 35 மில்லிமீட்டர் பிலிமை அகலமாக வெட்டினால் 120 ஆகிவிடாது. இதன் தகடு அதைவிட மெல்லியது. தாளுக்கும் தனிச் சிரமம் உண்டு. அது ஒளி புகாததாக இருக்க வேண்டும். எண்களை அச்சிட்ட மை, சுருண்டு கிடக்கும் மாதக் கணக்கான காலத்தில் பிலிமைத் தாக்கக் கூடாது. வானத்தின் நடுவே மங்கலாக ‘7’ என்று எழுதிய படம் யாருக்கு வேண்டும்?

நம்மிடமும் இந்த வித்தை இருந்தது. 1960இல் தொடங்கிய மத்திய அரசு நிறுவனமான இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ், பிரான்சின் போஷே நிறுவனத்தின் தொழில்நுட்ப உதவியோடு 1967 முதல் உதகமண்டலத்தில் பிலிம் தயாரித்தது. தூசு குறைந்த குளிர்ந்த காற்று இத்தொழிலுக்கு ஏற்றது. பிலிமின் பெயர் ‘இந்து’. சந்திரனுக்கு அப்படி ஒரு பெயர் உண்டு. வெள்ளி பூசிய சுருளுக்கு இதைவிடப் பொருத்தமாகப் பெயர் வைக்க முடியாது. 1990களில் ஆலை நலிந்தது, பின்னர் மூடப்பட்டது. கும்மிருட்டில் பூச்சு வேலை பார்த்தவர்களின் கைப்பழக்கம் எந்தப் புத்தகத்திலும் முழுமையாக எழுதப்பட்டதில்லை. இன்று 120 பிலிம் வேண்டுமென்றால் வெளிநாட்டிலிருந்து வருவதை நல்ல விலை கொடுத்து வாங்க வேண்டும். என் கருத்தில் இது பிலிம் என்ற பொருளின் இழப்பைவிடப் பெரிய இழப்பு.

பரண் காமிரா கிடைத்து ஒரு சுருளும் கிடைத்துவிட்டால், வெயிலில் நின்று மாட்டாதீர்கள். நிழலில் மாட்டி, சிவப்பு ஜன்னலின்மேல் கறுப்பு நாடா ஒட்டி, எண் பார்க்கும்போது மட்டும் விலக்குங்கள். அடி அண்ணாமலையில் காலையில் சூரியன் மலைக்குப் பின்னாலிருந்து வரும். மலை கறுப்பு நிழலாகத்தான் பதியும். பிற்பகல் நான்கு மணிக்கு மேல் வெயில் மலைமுகத்தில் விழும்போது எடுங்கள். பன்னிரண்டுதான் இருக்கிறது, எண்ணி எடுங்கள்.