தோசைக்கல்லும் துருவும்

கோடை விடுமுறை கழித்து விடுதிக்குத் திரும்பினேன். பெட்டியில் பூட்டிச் சென்ற தோசைக்கல் செங்காவி பூத்துக் கிடந்தது; அம்மா சீதனமாகக் கொணர்ந்த கல்! பட்டறைச் சாணைச் சக்கரத்தில் பிடித்தால் நொடியில் பளபளக்கும் என்றான் அறை நண்பன். நான் இசையவில்லை. வார்ப்பிரும்பில் கரி நூற்றுக்கு 2 முதல் 4 பங்கு உண்டு. எளிதில் நொறுங்கும் இயல்பினது. சக்கரமோ துருவோடு இரும்பையும் தின்று பள்ளம் பறிக்கும். ஓரிடத்தில் சூடேறினால் விரிசலும் காணக்கூடும்.

உப்புத்தாளே போதும். எண் கூடக்கூடத் துகள் நுண்மையாகும்: முதலில் 80, பிறகு 120. கண்ணாடியாக மெருகேற்றினாலோ எண்ணெய்ப் படலம் பிடிப்பது அரிது. கழுவியதை ஈரத்தோடு விட்டால் சில மணியில் மீண்டும் துரு தலைகாட்டும். ஆகவே உடனே அடுப்பில் உலர்த்தி, நல்லெண்ணெயை மெல்லிதாகத் தடவிப் புகையும்வரை காய்ச்சினேன். எண்ணெய் இறுகிப் படலமாயிற்று.

மூன்று தோசைகள் ஒட்டின. நான்காவது முழுதாக எழும்பிற்று. அதை நண்பன் எடுத்துக்கொண்டான்.