மந்திகையா, யாழ்ப்பாணமா?
கர்ப்பிணித் தாயை அவசரமாக மாற்றும்போது

வல்வெட்டித்துறை ஊறணியில் ஒரு வைத்தியசாலை இருக்கிறது. அங்கிருந்து மந்திகையிலுள்ள பருத்தித்துறை ஆதார வைத்தியசாலைக்குப் பத்துக் கிலோமீற்றரும் இல்லை. யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கோ உடுப்பிட்டி, வல்லை வெளி, புத்தூர், கோப்பாய் என்று ஏறக்குறைய முப்பது கிலோமீற்றர் போகவேண்டும். மூன்றும் அரசாங்க வைத்தியசாலைகள். மூன்றிலும் பணம் கேட்பதில்லை. ஆனால் மூன்றிலும் ஒரே வசதி கிடையாது. காய்ச்சல் தடிமனுக்கு இந்த வேறுபாடு பெரிதல்ல. எட்டு மாதக் கர்ப்பிணிக்கு இரவு பதினொரு மணிக்கு இரத்தம் பட்டால், எங்கே போவது, எப்போது போவது என்பதுதான் முதற் கேள்வி.

சொந்த ஊரில் இருப்பவர்களுக்கு இந்தக் கேள்விக்கு விடை ஓரளவு தெரியும். கிளினிக் எது, மருத்துவ மாது யார், நடுச்சாமத்தில் யாருடைய ஓட்டோவைத் தட்டி எழுப்பலாம் என்று அறிந்திருப்பார்கள். 1990 இல் பலாலி, வயாவிளான், வளலாய் செம்மண் தோட்டங்களை விட்டு எழும்பி, முகாமிலும் உறவினர் வளவிலும் குடியிருந்த குடும்பங்களுக்கு அது தெரிந்திருக்கவில்லை. 2015 இல் வளலாய்ப் பக்கம் கொஞ்சக் காணி விடப்பட்டது. முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் தம் காணிக்குப் போகமுடியாத குடும்பங்கள் இன்னமும் உண்டு. அவர்களின் பிள்ளைகளும் இப்போது பிள்ளை பெறும் வயதில் இருக்கிறார்கள். இக்கட்டுரை முக்கியமாக அவர்களுக்காக.

முன்னைய காலம் எப்படி இருந்தது என்பதை இளையவர்கள் அறிந்திருப்பது நல்லது. 1990 யூனில் யுத்தம் மீண்டும் மூண்டபின் குடாநாட்டில் மின்சாரம் இல்லை. பெற்றோல் கண்ணாற் காண்பதே அரிது. சொட்டுப் பெற்றோலில் ஸ்ராட் செய்து, பிறகு மண்ணெண்ணெயில் ஓடிய பழைய ஒஸ்ரின், மொறிஸ் கார்களே பல கர்ப்பிணிகளுக்கு அம்புலன்ஸ். அதுவும் கிடைக்காதவர்களுக்குச் சைக்கிள் கரியர். வீட்டில் ஜாம் போத்தல் விளக்கு. யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரி அந்த ஆண்டு நவம்பரில், சர்வதேச செஞ்சிலுவைக் குழுவின் பாதுகாப்பின் கீழ்தான் மீண்டும் இயங்கத் தொடங்கியது. 1995 ஒக்டோபர் 30 இல் வலிகாமமே இரவோடிரவாக எழும்பியபோது, மழையிலும் நெரிசலிலும் நடந்தவர்களில் நிறைமாதத் தாய்மாரும் இருந்தார்கள். 2006 ஓகஸ்ட் 11 இல் ஏ9 வீதி மூடப்பட்டபின் மீண்டும் அதே நெருக்கடி. இரவில் ஊரடங்கு, மருந்தும் வைத்தியரும் கப்பலாலோ விமானத்தாலோ வரவேண்டும். அந்த ஆண்டுகளில் எல்லைகளற்ற வைத்தியர்கள் அமைப்பினர் மந்திகையில் நின்று சத்திரசிகிச்சையும் பிரசவமும் பார்த்தார்கள்.

அன்று தாமதத்துக்குக் காரணம் வீதியில் இருந்தது. சென்ரி, ஊரடங்கு, எரிபொருள், ஷெல். இன்று வீதி திறந்திருக்கிறது. 1990 என்ற இலக்கத்தை அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும். 2018 யூலையில் அந்தச் சேவை வடக்கிலும் தொடங்கியது. அப்படியிருந்தும் தாமதம் முற்றாக ஒழியவில்லை. அது வீட்டுக்குள் வந்து குந்திக்கொண்டது என்றே எமக்குப் படுகிறது.

தாய் மரணங்களை ஆராய்ந்த தடியஸ், மெயின் என்ற இருவர் 1994 இல் எழுதிய கட்டுரையொன்றில் மூன்று தாமதங்களைப் பிரித்துக் காட்டினார்கள். போவதென்று முடிவெடுக்கும் தாமதம், போய்ச்சேரும் தாமதம், போய்ச்சேர்ந்த இடத்தில் சிகிச்சை தொடங்கும் தாமதம். உலகெங்கும் தாய் சேய் நலத்துறையினர் இன்றும் இந்தக் கணக்கையே வைத்துப் பேசுகிறார்கள். எமது குடும்பங்கள் கோபப்படுவது பெரும்பாலும் மூன்றாவதைப் பற்றி. கவலைப்பட வேண்டியது முதலாவதைப் பற்றி.

ஒரு வீட்டை நினைத்துப் பார்ப்போம். வெங்காயம் பிடுங்கும் நாட்கள். மருமகளுக்கு முப்பத்திரண்டு கிழமை. இரண்டு நாளாக முகமும் கையும் வீங்கியிருக்கிறது.

"மாமி, தலை இடிக்குது. கண்ணுக்கு முன்னால பூச்சி பறக்கிற மாதிரிக் கிடக்கு."

"வெயிலுக்க நிண்டது பிள்ளை. பித்தமாத்தான் இருக்கும். தேசிக்காய் கரைச்சுத் தாறன், குடிச்சிட்டுப் படு. விடியட்டும் பாப்பம்."

மாமி கெட்டவர் அல்ல. தன் காலத்தில் தான் கண்டதைச் சொல்கிறார். ஆனால் இது பித்தம் அல்ல. இருபது கிழமைக்குப் பின் பிறஷர் 140/90 க்கு மேலே ஏறி, சிறுநீரில் அல்புமினும் கண்டால் அது கர்ப்பகாலத்துக்கே உரிய ஒரு நோய். 160/110 ஐத் தொட்டால் அவசர நிலை. தலையிடி, கண் மங்குதல், நெஞ்சுக்குழிக்குக் கீழே வலப்பக்க நோ ஆகியவை வலிப்பு வரப்போகிறது என்பதற்கான முன்னறிவித்தல்கள். வலிப்பு வந்தால் தாயும் போகலாம், பிள்ளையும் போகலாம். விடியும்வரை வைத்திருக்கக்கூடிய நோய் இதுவல்ல.

இரத்தப்போக்கும் அப்படித்தான். நோ இல்லாமல் சிவப்பாக இரத்தம் பட்டால், நச்சுக்கொடி கர்ப்பப்பை வாயை மூடிக் கிடக்கக்கூடும். "நோ இல்லைத்தானே" என்று ஆறுதற்பட வேண்டாம். இந்த நிலையில் நோ இருப்பதில்லை. நோவோடு வயிறு பலகைபோல் இறுகி, இரத்தம் கொஞ்சமாகவே வந்தாலும், உள்ளே நிறையப் போயிருக்கலாம். மாதம் நிறையுமுன் நீர்க்குடம் உடைதல், உடைந்த நீர் பச்சை நிறமாக இருத்தல், பிள்ளையின் துடிப்புக் குறைதல், காய்ச்சலோடு நாற்றமுள்ள நீர் வருதல் ஆகிய எல்லாவற்றுக்கும் அதே பதில்தான்: அந்த வேளையே புறப்பட வேண்டும். மருத்துவ மாதுவுக்கு ஒரு போன் எடுப்பதற்கு வெட்கமோ தயக்கமோ வேண்டாம். "மிசியை இந்த நேரத்தில எழுப்பிறதோ" என்று யோசித்த வீடுகள் உண்டு.

இனி, பலருக்கு மனத்தாங்கலை உண்டாக்கும் விடயத்துக்கு வருவோம். ஊறணிக்கோ மந்திகைக்கோ கொண்டுபோகிறார்கள். வைத்தியர் பார்த்துவிட்டு, "யாழ்ப்பாணம் மாற்றவேண்டும்" என்கிறார். ஆனால் உடனே வண்டி புறப்படுவதில்லை. அரை மணித்தியாலம், சில வேளை அதற்கு மேலும் செல்கிறது. வெளியே நிற்கும் கணவனுக்குக் கொதிக்கிறது. "அனுப்பிறதெண்டால் அனுப்ப வேண்டியதுதானே, ஏன் மினைக்கெடுத்துறியள்?" நேரே யாழ்ப்பாணம் கொண்டு போயிருந்தால் மிச்சம் என்றும் நினைக்கிறார். வல்வெட்டித்துறையிலிருந்து பார்த்தால் மந்திகை கிழக்கே, யாழ்ப்பாணம் தென்மேற்கே. போன வழி திரும்பி வருவதுபோல் தோன்றுவது இயல்பு.

அந்த அரை மணித்தியாலத்தில் நடப்பது இது. கையில் ஊசி ஏற்றி சேலைன் தொடங்குகிறார்கள். பிறஷரை இறக்க மருந்து கொடுக்கிறார்கள். வலிப்பைத் தடுக்க மக்னீசியம் சல்பேற்று என்ற மருந்தை, நான்கு கிராம், நாளத்தினூடாக மெதுவாக ஏற்றுகிறார்கள். அதைச் சட்டென்று ஏற்றக்கூடாது. இது விலை குறைந்த பழைய மருந்துதான். 33 நாடுகளில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட தாய்மாரிடம் செய்து 2002 இல் வெளியான ஆய்வில், இம்மருந்து வலிப்பு வரும் ஆபத்தைப் பாதியாகக் குறைத்தது என்று கண்டார்கள். இந்த மருந்து ஏறாமல் வல்லை வெளியில் வலிப்பு வந்தால், வண்டிக்குள் செய்யக்கூடியது மிகக் கொஞ்சம்.

குறைமாதப் பிரசவம் ஆகக்கூடுமென்றால் இன்னொரு ஊசியும் உண்டு. பிள்ளையின் நுரையீரல் முதிர்வதற்காகத் தாய்க்குப் போடும் ஸ்டீரொய்ட் ஊசி. இதன் கதை கமக்காரருக்குப் பிடிக்கும். நியூசிலாந்தில் லிக்கின்ஸ் என்ற வைத்தியர் செம்மறி ஆடுகளில் பிரசவம் எப்படித் தொடங்குகிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்தார். மருந்து ஏற்றப்பட்டுக் காலத்துக்கு முந்திப் பிறந்த ஆட்டுக்குட்டியொன்று, இறந்திருக்க வேண்டியது, மூச்சு விட்டது. அதைக் கவனித்ததிலிருந்து தொடங்கி, ஹோவி என்பவரோடு சேர்ந்து தாய்மாரிடம் செய்த ஆய்வை 1972 இல் வெளியிட்டார். அந்த ஊசி முழுப்பயன் தர ஒரு நாளளவு வேண்டும். ஆகவே எவ்வளவு முந்திப் போடுகிறார்களோ அவ்வளவுக்கு நல்லது.

இவற்றோடு, யாழ்ப்பாணத்துக்குத் தொலைபேசியில் அறிவித்துக் கடிதமும் எழுதுகிறார்கள். அங்கே சத்திரசிகிச்சைக் கூடமும் இரத்தமும் குறைமாதப் பிள்ளைக்கான கட்டிலும் ஆயத்தமாகின்றன. பிறந்த குறைமாதப் பிள்ளையைக் கொண்டுபோவதைவிட, தாயின் வயிற்றில் வைத்தே கொண்டுபோவது பாதுகாப்பு என்பது வைத்தியர்கள் எல்லோரும் ஒப்புக்கொண்டது. அதனால்தான் பிரசவத்துக்கு முன்னரே மாற்றுகிறார்கள். ஆனால் பிரசவம் நெருங்கிவிட்டால் மாற்றாமல் அங்கேயே பார்ப்பதும் உண்டு. வழியில் பிறப்பது எல்லாவற்றிலும் மோசம். எது சரி என்பதை அவ்வேளை அங்கு நிற்கும் வைத்தியரே தீர்மானிக்க முடியும். குடும்பத்தார் கேட்கவேண்டியதைக் கேட்கலாம்: என்ன மருந்து கொடுத்திருக்கிறீர்கள், தாதி கூட வருகிறாரா, அங்கே அறிவித்தாயிற்றா? பணிவாகக் கேட்டால் பெரும்பாலும் பதில் கிடைக்கும்.

வீட்டிலிருந்து புறப்படும்போது தாயை இடப்பக்கம் சரித்துப் படுக்க வையுங்கள். மல்லாந்து கிடந்தால் பாரமான கர்ப்பப்பை பெரிய நாளத்தை அமுக்கி, பிள்ளைக்குப் போகும் இரத்தத்தைக் குறைக்கும். பால், தேத்தண்ணி, சோடா ஒன்றும் வாயில் கொடுக்க வேண்டாம். மயக்கமருந்து கொடுக்க நேரலாம். வலிப்பு வந்தால் இரும்புத் திறப்பைக் கையில் திணிப்பதும், பல்லுக்கிடையில் கரண்டி வைப்பதும் எம்மவர் வழக்கம். இரண்டும் உதவாது, கரண்டியால் பல் உடையும், மூச்சு அடைக்கும். இடப்பக்கம் திருப்பி, வாயில் வருவதை வழியவிட்டு, விழாமல் பிடித்தாற் போதும். நீர்க்குடம் உடைந்து தொப்புள்கொடி வெளியே தெரிந்தால், தாயை முழங்காலிலும் நெஞ்சிலும் குனிய வைத்து, இடுப்பு உயர்ந்திருக்கும்படி கொண்டு போங்கள்.

ஏழாம் மாதத்திலேயே சில விடயங்களைப் பேசி வைக்கலாம். இரவில் வரக்கூடிய வாகனம் எது? ஒன்று போதாது, இரண்டு. மூத்த பிள்ளைகளை யார் பார்ப்பது, மாட்டுக்கு யார் தண்ணீர் வைப்பது? கேட்க அற்பமாகத் தெரியும். புறப்படும் நேரத்தில் வீட்டைப் பிடித்து வைப்பவை இவைதாம். தாயின் இரத்தவகை என்ன, உறவினரில் இரத்தம் கொடுக்கக்கூடியவர் யார்? கணவன் கடலிலோ கொழும்பிலோ நின்றால் அவர் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. வயது வந்த பெண் தன் சத்திரசிகிச்சைக்குத் தானே சம்மதம் வைக்கலாம்.

கர்ப்பவதிப் பதிவட்டையைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். முந்திய பிள்ளைக்குச் சிசேரியனா, பிறஷர் எப்போதிலிருந்து ஏறியது, ஸ்கானில் நச்சுக்கொடி எங்கே கிடந்தது என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். தாய் மயங்கிக் கிடந்தால் அவருக்காகப் பேசுவது அந்த அட்டை. அதை அலுமாரிக்குள் பூட்டி வைக்காமல், போகும்போது எடுக்கக்கூடிய பையில் வையுங்கள். இடம் மாறினால், தற்காலிகக் கொட்டிலுக்கு என்றாலும், அந்தப் பகுதி மருத்துவ மாதுவிடம் உடனே பதியுங்கள். "திரும்பிப் போகப்போறம்தானே" என்று பதியாமல் இருந்தே பிரசவ மாதம் வந்தவர்கள் உண்டு.

பிள்ளை பிறந்ததும் ஆபத்து முழுதாக நீங்குவதில்லை. பிறஷர் இருந்த தாய்க்குப் பிரசவத்தின் பின்னரும், முக்கியமாக முதல் இரண்டு நாட்களில், வலிப்பு வரலாம். வீடு வந்தபின் தலையிடி என்றால் மீண்டும் போகவேண்டும். முதல் ஐந்து நாட்களுக்குள் மருத்துவ மாது வீட்டுக்கு வந்து பார்ப்பது ஒழுங்கு. ஆனால் விடுதியில் விலாசம் கேட்கும்போது எம்மவரில் பலர் பழக்கத்தில் சொந்த ஊரின் பெயரையே சொல்லிவிடுகிறார்கள். மருத்துவ மாது அங்கே போய்த் தேடினால் பற்றைக் காட்டைத்தான் காண்பார். இப்போது படுத்தெழும்பும் வீடு எதுவோ, அதன் விலாசத்தையும் அயலவரின் தொலைபேசி இலக்கத்தையும் கொடுங்கள்.