கூடாரத்துக்கு வந்த புதிய ஊழியர்!

இராஜபாளையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ ஒரு சபைக்குப் புதிய ஐயர் வருகிறார் என்றால், அன்று அந்தத் தெருவே களை கட்டிவிடும். மாலை போடுவார்கள். சால்வை போர்த்துவார்கள். பிள்ளைகள் பாட்டுப் பாடுவார்கள். பிறகு எல்லோருக்கும் காப்பி, பலகாரம்.

ஐயர் என்றால் யார் என்று வெளியூர்க்காரர்கள் திகைக்க வேண்டாம். திருநெல்வேலிப் பக்கத்துச் சீர்திருத்தக் கிறிஸ்தவர்கள் தங்கள் குருவானவரை அப்படித்தான் அழைப்பது வழக்கம்.

ஆனால் 170 வருஷங்களுக்கு முன்னே இதே சீமையில் ஊழியத்துக்கு வந்த புதியவர்களுக்கு மாலை கிடையாது, ஆலயமும் கிடையாது. அவர்களை வரவேற்றது ஒரு கூடாரம்தான்!

கணக்கில் புலி

அந்தக் கூடாரத்தை அடித்தவர் தாமஸ் ராக்லண்ட் என்ற ஆங்கிலேயர். சாமானியப்பட்டவர் அல்ல. 1841-ல் கேம்பிரிட்ஜ் பல்கலைக் கழகக் கணிதப் பரீட்சையில் நான்காவதாகத் தேறியவர். பிறகு சென்னையில் சி.எம்.எஸ். என்ற மிஷன் சங்கத்தின் காரியதரிசியாக இருந்தார். மேஜை, நாற்காலி, கடிதம், கணக்கு என்று நிம்மதியாகக் காலம் தள்ளியிருக்கலாம்.

அவருக்கு அது பிடிக்கவில்லை. தெற்குத் திருநெல்வேலியில் ஊருக்கு ஊர் கோயிலும் பள்ளிக்கூடமும் எழும்பிவிட்டன. வடக்கே யாரும் எட்டிப் பார்க்கவில்லையே என்பது அவர் கவலை. அந்த நாளில் ஸ்ரீவில்லிபுத்தூர், இராஜபாளையம், சிவகாசி எல்லாம் திருநெல்வேலி ஜில்லாவைச் சேர்ந்தவை. 1910-ல்தான் அவை இராமநாதபுரம் ஜில்லாவுக்குப் போயின. 1985 முதல் விருதுநகர் மாவட்டம்.

1854-ல் டேவிட் பென், ராபர்ட் மெடோஸ் என்ற இரண்டு இளைஞர்களுடன் ராக்லண்ட் வடக்கே வந்து சேர்ந்தார். வீடு கட்டிக்கொள்ளவில்லை. ஓரிடத்தில் கூடாரம் அடிப்பார்கள். சுற்றிலும் உள்ள கிராமங்களுக்குப் போய்ப் பேசுவார்கள். அங்கே முடிந்ததும் கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு அடுத்த இடம்.

ரயில் எட்டிப் பார்க்காத காலம் அது. கோடையில் கரிசல் மண் நெருப்பாய்க் கொதிக்கும். மழை பெய்தாலோ வண்டிச் சக்கரம் சேற்றில் புதைந்துவிடும். கூடாரத்துத் துணி எதைத் தடுக்கும்?

ஒரு மாதத்து விருந்தாளி

இங்கேதான் விஷயமே இருக்கிறது. வெள்ளைக்காரர் மூவர் மட்டும் எத்தனை ஊருக்குப் போக முடியும்? எத்தனை பேருடைய பேச்சுத்தான் புரியும்? தமிழர் துணை இல்லாமல் ஓர் அடி நகராது.

அதற்கு ஓர் ஏற்பாடு செய்தார்கள். தெற்கே இருந்த சபைகள் முறை வைத்து உபதேசியார்களை மாதந்தோறும் வடக்கே அனுப்பின. உபதேசியார் என்றால் குருப்பட்டம் பெறாத போதகர். வந்தவர் ஒரு மாதம் கூடாரத்தோடு அலைவார். பிறகு ஊர் திரும்புவார். அடுத்த மாதம் வேறொருவர். அவர்களுக்கு ஆகும் செலவைத் தெற்கத்திக் கிறிஸ்தவர்களே கொடுத்தார்கள். பெரும்பாலோர் பனையேறிப் பிழைத்த ஏழைக் குடும்பங்கள் என்பதை மறக்கக் கூடாது.

ஆகவே மாதம் பிறந்தால் கூடாரத்தில் ஒரு புது முகம்! அவருக்கு இந்தச் சீமை புதிது. ஸ்ரீவில்லிபுத்தூரோ பெரியாழ்வாரும் ஆண்டாளும் பிறந்த ஊர். வைணவத்தில் ஊறிய ஊர். அங்கிருந்து ஏழு மைல் போனால் இராஜபாளையம். ராஜுக்கள் வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். ஊர்ப் பெயர் கொண்ட வேட்டை நாய்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அன்னியர் யாராயிருந்தாலும் அவற்றுக்கு ஒன்றுதான்!

உடனே பலன் கிடைத்ததா? இல்லை. வருஷக்கணக்கில் அலைந்தும் சேர்ந்தவர்கள் கொஞ்சம் பேரே.

சிந்துபூந்துறை வாலிபர்

அந்தக் கூட்டத்தில் வந்து சேர்ந்தவர்களில் ஒருவர் பிற்காலத்தில் பெரும் புகழ் பெற்றார். அவர்தான் வில்லியம் தாமஸ் சத்தியநாதன்.

1830-ல் திருநெல்வேலிச் சிந்துபூந்துறையில் இந்துக் குடும்பத்தில் பிறந்தவர். பாளையங்கோட்டையில் குருக்‌ஷாங்க்ஸ் என்பவரிடம் படித்தார். அந்தத் தலைமை ஆசிரியருக்குக் கண் பார்வை கிடையாது; ஆனால் பாடத்தில் மன்னர். படிக்கிற காலத்திலேயே சத்தியநாதன் கிறிஸ்தவரானார். ஒரு வாலிபன் அப்படிச் செய்தால் வீட்டில் என்ன நடக்கும் என்பதை விவரிக்கத் தேவையில்லை.

ஆங்கிலமும் தமிழும் நன்றாகக் கற்றவர். பட்டணத்தில் நல்ல உத்தியோகம் தேடியிருக்கலாம். அவர் வந்தது வடதிருநெல்வேலிக் கூடாரத்துக்கு!

ஆனால் கூடாரத்தில் இடம் கிடைப்பது வேறு, சமமாக உட்கார இடம் கிடைப்பது வேறு. வெள்ளைக்காரர் குருவானவர், தமிழர் உதவியாள் என்பதுதான் அக்கால வழக்கம். தமிழர் எவ்வளவு படித்திருந்தாலும் குருப்பட்டம் கிடைக்கப் பல வருஷம் காத்திருக்க வேண்டும்.

1858 அக்டோபர் 22-ந் தேதி சிவகாசியில் ராக்லண்ட் காலமானார். நுரையீரல் நோய். வயது 43. அவரை அங்கேயே அடக்கம் செய்தார்கள்.

மறு வருஷம், 1859-ல், சத்தியநாதனுக்குக் குருப்பட்டம் கிடைத்தது. அதைப் பார்க்க ராக்லண்ட் இல்லை.

நல்ல தாய்

சத்தியநாதன் தனியாகப் பாடுபடவில்லை. மனைவி அன்னாள், ஜான் தேவசகாயம் ஐயரின் மகள். தென்னிந்தியாவில் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியக் குரு அவர்தான். கணவரோடு சென்னைக்குப் போன அன்னாள் பெண் குழந்தைகளுக்குப் பள்ளிக்கூடம் நடத்தினார். பிள்ளை வளர்ப்பைப் பற்றி "நல்ல தாய்" என்று ஒரு தமிழ்ப் புத்தகமும் எழுதினார். பெண்கள் படிப்பதே அபூர்வமாயிருந்த காலத்தில் ஒரு பெண் புத்தகம் எழுதினார் என்றால் சும்மாவா?

சென்னைச் சிந்தாதிரிப்பேட்டை சீயோன் ஆலயத்தில் சத்தியநாதன் ஏறக்குறைய முப்பது வருஷம் குருவாக இருந்தார். அங்கே அவர் யாருக்கும் உதவியாள் அல்ல. 1890-ல் அன்னாளும், 1892-ல் அவரும் மறைந்தார்கள்.

ஆனால் சமமாக உட்கார இடம் உண்டா என்ற அந்தப் பழைய கேள்வி மறையவில்லை. 1910-ல் ஸ்காட்லாந்து தேசத்து எடின்பரோவில் உலக மிஷனரி மாநாடு கூடியது. திருநெல்வேலிக்காரரான வேதநாயகம் சாமுவேல் அசரியா அங்கே எழுந்து நின்றார். வெள்ளைக்கார மிஷனரிகள் பொருளைக் கொடுத்தார்கள், உயிரையும் கொடுத்தார்கள். எங்களுக்கு வேண்டியது நட்பு என்ற கருத்தில் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். சபையில் பலருக்கு அது சுருக்கென்று தைத்தது.

இரண்டு வருஷம் கழித்து, 1912-ல், அதே அசரியா இந்தியர்களில் முதல் ஆங்கிலிக்கன் பிஷப் ஆனார். அவருக்குக் கிடைத்த இடம் தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல். மாதம் ஓர் ஆளை வடக்கே அனுப்பிய திருநெல்வேலிச் சபையார் 1903-லேயே சொந்தமாக ஒரு மிஷனரிச் சங்கம் தொடங்கித் தங்கள் ஊழியர்களை அனுப்பியதும் அந்தத் தெலுங்கு நாட்டுக்குத்தான்.