திரைக்குப் பின்னே ஒரு பாடசாலை

பரதநாட்டியம் படிக்கும் நம் பிள்ளைகளுக்கு மேடை தெரியும். மேடைக்குப் பின்னால் நடப்பது அவ்வளவாகத் தெரியாது. ஒப்பனைக்கு ஆள் வருகிறார், நகை வாடகைக்கு வருகிறது, பாட்டு பல நேரம் ஒலிப்பதிவிலிருந்தே வருகிறது. ஆடுவது ஒன்றுதான் பிள்ளையின் வேலை என்றாகிவிட்டது.

மேல்நாட்டு பாலே குழுக்கள் இதற்கு ஒரு வழி வைத்திருக்கின்றன. ஒத்திகை அறையைத் திறந்துவிட்டு, இளம் ஆட்டக்காரர்களை உட்காரவைத்துக் காட்டுகிறார்கள். 2014 முதல் பல நாட்டுக் குழுக்கள் சேர்ந்து, ஆண்டுக்கு ஒரு நாள் தங்கள் பயிற்சியையே உலகம் பார்க்க ஒளிபரப்புகின்றன. பெயர்பெற்ற ஆட்டக்காரி தன் காலணிக்குத் தானே நாடா தைப்பதைப் பார்க்கும் சிறுமிக்கு, கலை என்பது உழைப்பு என்று யாரும் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

நம் பிள்ளைகளுக்கு அப்படி ஓர் இடம் உண்டா? உண்டு. பெங்களூரிலிருந்து கோலார், முளபாகல், பலமநேர் தாண்டினால் சித்தூர். 1911இல் உருவான இம்மாவட்டம் 1953 வரை சென்னையோடு சேர்ந்திருந்தது. 1960இல் திருத்தணி நம் பக்கம் வந்தது. புத்தூரும் நகரியும் ஆந்திரத்திலேயே நின்றன. ஆனால் எல்லைக்கோடு கூத்தைப் பிரிக்கவில்லை. இங்குள்ள திரௌபதி, தர்மராஜா கோயில்களில் பாரத விழா நடக்கிறது. பகலில் பாரதக் கதை; இரவில் தமிழில் சொன்னால் தெருக்கூத்து, தெலுங்கில் சொன்னால் வீதி நாடகம். அருச்சுனன் தபசு மரம் ஏறுவதும், மண்ணால் செய்த துரியோதனன் படுகளத்தில் வீழ்வதும், கடைசியில் தீமிதியும் இரண்டு பக்கமும் ஒன்றே.

ஒரு கோடை விடுமுறையில் ஒன்பது மாணவிகளை அங்கே அழைத்துப் போக முடிவு செய்தேன். "கூத்தாடிங்ககிட்ட எங்க பிள்ளை என்னத்தைக் கத்துக்கப் போகுது?" என்று ஒரு தகப்பனார் கேட்டார். அந்தக் கேள்விக்குப் பதிலாகவே இதை எழுதுகிறேன்.

பொழுது சாய்ந்ததும் வேஷப் பெட்டிக்குக் கற்பூரம் காட்டித் திறந்தார்கள். ஒரு கையில் சின்னக் கண்ணாடி, மறு கையில் குச்சி. ஒவ்வொருவரும் தன் முகத்தைத் தானே எழுதிக்கொண்டார்கள். துரியோதனனுக்குச் சிவப்பு, அதன்மேல் வெள்ளைப் புள்ளிகள். கிரீடமும் புஜக்கட்டையும் மரம். பார்த்தால் பாரமாகத் தெரியும். கல்யாண முருங்கை என்பதால் கனமில்லை. விடிய விடிய ஆடுகிறவன் தலைக்கு ஏற்ற மரத்தை முன்னோர் தேர்ந்திருக்கிறார்கள். கட்டும் கயிறு தளர்ந்தால் ஆட்டம் கெடும். எனவே ஒருவருக்கு இன்னொருவர் இழுத்துக் கட்டுகிறார். சலங்கையைக் கண்ணில் ஒற்றிக் கட்டியபோது எங்கள் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "நாம செய்யறதேதான் டீச்சர்!"

அடுத்தது திரை. இருவர் துணியைப் பிடிக்க, பாத்திரம் அதன் பின்னே நின்று தன் வருகையைத் தானே பாடுகிறது, பிறகு கட்டியங்காரன் "நீ யாரப்பா?" என்று விசாரிக்கிறான். குச்சிப்புடியில் சத்யபாமா திரையின்மேல் சடையைப் போட்டு, பிரவேச தருவு பாடி வருவதும் இதே வகைதான். மேடைக்கு வருவதற்கும் ஓர் இலக்கணம் உண்டு என்பது பிள்ளைகளுக்கு அங்கேதான் விளங்கியது.

திருப்பதிக்குப் போனால் வேஷத்துக்கு இன்னொரு பொருள் கிடைக்கும். மே மாதம் நடக்கும் தாத்தய்யகுண்டா கங்கம்மா ஜாத்திரையில் ஆண்கள் சேலை கட்டி, பூ வைத்து நேர்த்திக்கடன் செலுத்துகிறார்கள். பெண்களைக் கொடுமை செய்த பாளையக்காரன் ஒளிந்துகொள்ள, கங்கம்மா நாளொரு வேஷம் போட்டுத் தேடினாள் என்பது கதை. துரை வேஷத்தில் வந்தபோது அவன் வெளியே வந்து மாட்டிக்கொண்டான். அங்கே வேஷம் என்பது மறைவதற்கல்ல, அநியாயத்தைத் தேடிப் பிடிப்பதற்கு. அந்தக் கங்கம்மாவுக்குத் தங்கை முறையில் திருமலையிலிருந்து சீர் வருகிறது.

அழைத்துப் போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். வாத்தியாரிடம் முன்கூட்டியே அனுமதி கேளுங்கள். இருட்டுமுன் போய்ச் சேருங்கள். முகம் எழுதும்போது கேள்வி கேட்டுத் தொந்தரவு செய்யவேண்டாம். கேட்காமல் படம் எடுக்கவேண்டாம். முக்கியமாக, குழுவுக்குச் சன்மானம் கொடுங்கள். காட்சிப் பொருளைப் பார்க்கவல்ல, குருவைப் பார்க்கப் போகிறோம்.

புறப்படும்போது வாத்தியாரிடம் ஒரு சிறுமி, "தாத்தா, உங்க வீட்ல அடுத்து யாரு ஆடுவாங்க?" என்று கேட்டாள். "பையன் கம்பெனி வேலைக்குப் போயிட்டான்மா. பார்க்க நீங்க வர்றீங்க இல்ல, அதுவரைக்கும் ஆடுவோம்" என்றார் அவர்.

வருகிற கோடையில் நம் பிள்ளைகளை ஒரு இரவாவது அங்கே உட்காரவையுங்கள். அந்தத் தகப்பனார் இப்போது வண்டி ஏற்பாட்டுக்குப் பணம் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.